தெல்லிப்பழை: சமயமும் பதிவேடும்

தெல்லிப்பழை யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடபகுதியில், காங்கேசன்துறை வீதியில், மல்லாகத்துக்கும் மாவிட்டபுரத்துக்கும் இடையே அமைந்த ஊர். துர்க்கை அம்மன் கோயிலும் யூனியன் கல்லூரியும் மகாஜனக் கல்லூரியும் ஆதார வைத்தியசாலையும் இதன் அடையாளங்கள். கடந்த நானூறு ஆண்டுகளில் இவ்வூர் மக்கள் கத்தோலிக்கராகவும், ஒல்லாந்தச் சீர்திருத்தச் சபையினராகவும், அமெரிக்க மிசன் சபையினராகவும், சைவராகவும் வெவ்வேறு ஏடுகளில் எழுதப்பட்டிருக்கிறார்கள். ஏட்டில் ஒன்றும் வீட்டில் வேறொன்றுமாக வாழ்ந்த தலைமுறைகள் பல. ஊரில் பக்தி ஒருகாலத்திலும் குன்றவில்லை. ஆனால் காணி, கலியாணம், பள்ளிக்கூடம், உத்தியோகம், வாக்கு ஆகியவை ஒவ்வொன்றாகச் சமயப் பதிவின் பிடியிலிருந்து கழன்றன. இங்கு மதச்சார்பின்மை வளர்ந்த வழி அதுவே.

போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிச் சங்கிலி மன்னனைக் கோவாவுக்குக் கொண்டுசென்று தூக்கிலிட்டனர். அதற்கு முன்பே பிரான்சிஸ்கன் சபைக் குருமார் குடாநாட்டில் இருந்தார்கள். யேசு சபையினர் 1622இல் வந்து சேர்ந்தார்கள். குடாநாடு கோயிற்பற்றுகளாகப் பிரிக்கப்பட்டு இரு சபையினருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. சைவக் கோயில்கள் இடிக்கப்பட்டன. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலும் அக்காலத்தில் அழிந்தது என்று கோயில் மரபு சொல்கிறது. தெல்லிப்பழையில் முருகைக்கல்லால் கட்டிய பெரிய தேவாலயம் ஒன்று எழுந்தது. ஊர் முழுவதும் ஒரே தலைமுறையில் ஞானஸ்நானம் பெற்றதாகக் கணக்குக் காட்டப்பட்டது. அவர்களுள் மனமொப்பிக் கிறிஸ்தவரானவர்களும் உண்டு. பின்னர் ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரைத் துரத்தியபோது, இடர்ப்பட்டும் தம் நம்பிக்கையைக் காத்த கத்தோலிக்கக் குடும்பங்கள் அதற்குச் சாட்சி. கோவாவிலிருந்து மாறுவேடத்தில் வந்த யோசப் வாஸ் அடிகள் 1687இல் யாழ்ப்பாணத்தை அடைந்து சில்லாலைக் கத்தோலிக்கரிடம் அடைக்கலம் பெற்றார்.

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தார்கள். பிலிப்புஸ் பல்தேயுஸ் என்ற சீர்திருத்தச் சபைப் போதகர் கத்தோலிக்கத் தேவாலயங்களைத் தம் சபைக்கு மாற்றி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பள்ளிக்கூடத்தை இணைத்தார். அவர் 1672இல் வெளியிட்ட நூலில் வலிகாமத்துத் தேவாலயங்களின் வருணனையில் தெல்லிப்பழைக்கும் இடமுண்டு. ஒல்லாந்தர் ஆட்சியின் சிறப்பு அதன் எழுத்துவேலை. காணிக்குத் தோம்பு என்ற பதிவேடு இருந்ததைப் போலவே ஆளுக்கும் தோம்பு இருந்தது. பிறந்த பிள்ளை, ஞானஸ்நானம், கலியாணம் எல்லாவற்றையும் பள்ளித் தோம்பில் எழுதியவர் ஊர்ப் பள்ளிக்கூட வாத்தியார்தான். ஞாயிறு வழிபாட்டில் பிரசங்கத்தை வாசித்தவரும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாத பெற்றோரின் பெயரைக் குறித்தவரும் அவரே. மணம் முடிக்க வந்த ஆணும் பெண்ணும் செபங்களை மனப்பாடமாக ஒப்புவிக்க வேண்டும். தோம்பில் ஏறாத கலியாணத்தின் பிள்ளைகளுக்கு முதுசத்தில் உரிமை கேட்பது கடினம். முதலி, உடையார் பதவிகளுக்கும் ஞானஸ்நானம் வேண்டும்.

மக்கள் தோம்பில் பெயரை எழுதுவித்துவிட்டு வீட்டில் சைவராக இருந்தார்கள். விரத நாளில் சாப்பிட்ட வாழையிலையை வெளியே எறிந்தால் அயலவர் காட்டிக்கொடுக்கக்கூடும் என்பதால், இலையைச் சுருட்டிக் கூரையின் இறப்பில் செருகிவைத்தார்கள் என்ற செய்தி யாழ்ப்பாணத்தில் வாய்மொழியாக வழங்கி வருகிறது. வழிபாட்டை மறைக்கலாம், எச்சில் இலையை மறைப்பதுதான் சங்கடம் என்ற நிலையில் ஒரு சமூகம் வாழ்ந்தது. பொய்ப் பதிவு என்று இதைப் பழிப்பது எளிது. ஆனால் காணியும் பிள்ளையின் உரிமையும் ஒரு ஏட்டில் தொங்கும்போது குடியானவனுக்கு வேறு வழி இருக்கவில்லை.

அதே ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த தேசவழமைச் சட்டம், பின்னைய காலத்துக்கு ஒரு பெரிய உதவி செய்தது. கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரி பல்லாண்டு அனுபவத்தைக் கொண்டு எழுதிய அத்தொகுப்பு, முதுசம், சீதனம், தேடியதேட்டம், ஒற்றி ஆகியவற்றை யாழ்ப்பாணத் தமிழருடைய வழக்கப்படி வகுத்தது. கோயிலுக்குப் போகிறவர், தேவாலயத்துக்குப் போகிறவர் என்ற வேறுபாடின்றி அது இன்றும் யாழ்ப்பாணத் தமிழருக்கு ஏற்புடையதாக இருக்கிறது. குடும்பச் சொத்தைப் பங்கிடும் சட்டம் சமயத்தைப் பொறுத்து அமையாததால், ஒரே குடும்பத்தில் தமையன் வேதக்காரராகவும் தம்பி சைவராகவும் இருந்தபோதும் காணி உறுதி இருவருக்கும் ஒரே விதமாகவே எழுதப்பட்டது. பின்வந்த சமய மாற்றங்கள் குடும்பங்களை அடியோடு பிளக்காமல் போனதற்கு இது ஒரு காரணம்.

ஆங்கிலேயர் 1795இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினார்கள். தேசாதிபதி மெயிற்லண்ட் 1806இல் கத்தோலிக்கர் மீதான தடைகளை நீக்கினார். சீர்திருத்தச் சபையில் பெயர் இருந்தால்தான் பதவி என்ற நிலை மெல்ல மறைந்தது. உடனே தெரிந்தது விளைவு. ஒல்லாந்தர் கணக்கில் ஆயிரக்கணக்கில் இருந்த கிறிஸ்தவர்கள் காணாமற்போனார்கள். 1806இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த கிளோடியஸ் புக்கானன், தரங்கம்பாடி மிசன் அனுப்பியிருந்த கிறிஸ்டியன் டேவிட் என்ற தமிழ் உபதேசியார் ஒருவரைத் தவிரப் புரட்டஸ்தாந்துப் போதகர் எவரும் அங்கு இல்லை என்று எழுதினார். ஒல்லாந்தர் காலத்தின் கடைசிப் பகுதியிலேயே கெடுபிடி தளர்ந்து, நல்லூரிலும் வண்ணார்பண்ணையிலும் மாவிட்டபுரத்திலும் கோயில்கள் மீண்டும் எழுந்திருந்தன. தெல்லிப்பழைத் தேவாலயத்தின் கூரை விழுந்தது. சுவர்கள் மட்டும் நின்றன.

அந்தச் சுவர்களுக்குள்தான் அமெரிக்கர் வந்து குடியேறினார்கள். 1810இல் தொடங்கப்பட்ட அமெரிக்க வெளிநாட்டு மிசன் சங்கம் அனுப்பிய குழு, 1815 ஒக்ரோபரில் மசசூசெற்ஸ் மாநிலத்தின் நியூபரிப்போட் துறைமுகத்தில் கப்பலேறி 1816 மார்ச்சில் கொழும்பை அடைந்தது. தேசாதிபதி பிரவுண்றிக் அவர்களுக்குத் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் இருந்த பழைய தேவாலயக் கட்டடங்களைக் கொடுத்தார். டானியல் பூவரும் எட்வேட் வாரனும் தெல்லிப்பழைக்கு வந்தார்கள். 1816 டிசம்பர் 9இல் அவர்கள் ஆரம்பித்த இலவசப் பாடசாலையே பிற்காலத்தில் யூனியன் கல்லூரியாக வளர்ந்தது. வாரன் ஊராருக்கு மருந்தும் கொடுத்தார். நோயுற்று 1818இல் காலமானார். பூவரின் மனைவி சூசன் 1821இல் தெல்லிப்பழையிலேயே இறந்தார். பூவர் மிசனின் உயர்கல்விக்கூடமான வட்டுக்கோட்டைச் செமினரியின் முதல் அதிபரானார். பின்னர் மதுரையில் சில ஆண்டுகள் பணியாற்றி யாழ்ப்பாணம் திரும்பி, 1855இல் வாந்திபேதியால் மானிப்பாயில் மறைந்தார்.

விடுதிப் பாடசாலை அமெரிக்கரின் புதுமுறை. ஒரு பிள்ளையின் செலவை ஏற்கும் அமெரிக்கக் கொடையாளர் தம் விருப்பப்படி அப்பிள்ளைக்கு ஒரு பெயரைச் சூட்டலாம். இவ்வாறுதான் யாழ்ப்பாணத்துப் பையன்கள் ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்று பெயர் பெற்றார்கள். 1841இல் வெளிவரத் தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையின் முதல் ஆசிரியர்கள் அந்த இருவருமே. ஆனால் பெயரை ஏற்ற பையன்கள் மிசன் அடுக்களைச் சோற்றை ஏற்கவில்லை. வேளாளப் பிள்ளைகள் உண்பதற்காக மிசன் வளவுக்கு வெளியே சைவருடைய காணியில் சமையற்கொட்டில் போட்டு, அவர்களுடைய சாதியாரையே சமைக்கவைத்த காலம் இருந்தது. ஒல்லாந்தர் காலத்தில் மறைந்திருந்து உண்டவர்கள் இப்போது வெளிப்படையாகவே நிபந்தனை விதித்தார்கள். அதற்கு மிசன் இணங்கியது, ஏனென்றால் பிள்ளைகள் வராவிட்டால் பள்ளிக்கூடம் இல்லை. உடுவிலில் 1824இல் தொடங்கிய பெண்கள் விடுதிப் பாடசாலையில் படிப்பை முடித்துக் கிறிஸ்தவரை மணந்த பெண்களுக்கு மிசன் சீதனமும் கொடுத்தது.

பெற்றோர் பிள்ளைகளை அனுப்பியது ஆங்கிலத்துக்காக. ஆங்கிலம் தெரிந்தால் அரசாங்கக் கச்சேரியில் வேலை, பின்னாளில் மலாயாவில் புகையிரதத் திணைக்களத்தில் வேலை. ஞானஸ்நானம் பெற்றோர் தொகை படித்தோர் தொகைக்கு ஈடாக ஒருபோதும் உயரவில்லை. 1855இல் பொஸ்ரனிலிருந்து வந்த ரூபஸ் அண்டர்சன் தலைமையிலான தூதுக்குழு இந்தக் கணக்கைப் பார்த்துக் கலங்கியது. செமினரி உத்தியோகத்தரை உருவாக்குகிறது, போதகரை உருவாக்கவில்லை என்று கண்டு அதை மூடியது. மிசன் நோக்கில் அது தோல்வி. ஊரின் நோக்கில், கல்வி சமயமாற்றத்திலிருந்து பிரிந்து தனி நன்மையாக நிலைகொண்டதற்கு அந்தத் தோல்வியே சான்று. இந்தப் பிரிவு எந்தச் சட்டத்துக்கும் முந்தியது. அதைச் செய்தவர்கள் பெயர் தெரியாத பெற்றோர்கள்.

ஒரு குடும்பத்தின் கதை இதை இன்னும் தெளிவாக்கும். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1832இல் பிறந்தவர். தெல்லிப்பழை மிசன் பாடசாலையிலும் வட்டுக்கோட்டைச் செமினரியிலும் பயின்று, கிறிஸ்தவராகி, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். பின்னர் சைவத்துக்குத் திரும்பினார். தொல்காப்பிய உரைகளையும் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தவர் அவர். தெல்லிப்பழைக்கு அயலூரான ஏழாலையில் சைவப் பாடசாலை நிறுவியவரும் அவரே. அவருடைய மகன் அழகசுந்தரம் கிறிஸ்தவரானார். பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்ற பெயருடன் போதகராகப் பணியாற்றினார். சைவ அடியார்களின் பாடல்களை ஜி. ஈ. பிலிப்ஸுடன் சேர்ந்து ஆங்கிலத்தில் பெயர்த்து 1921இல் வெளியிட்டவர் இந்தக் கிறிஸ்தவப் போதகரே. தந்தைக்கும் மகனுக்கும் சமயம் எதிரெதிர்த் திசையில் மாறியது. தமிழ்ப் பற்று மாறவில்லை. யாழ்ப்பாணத்தில் சைவரும் கிறிஸ்தவரும் பொதுவாக நின்ற தளம் எது என்று கேட்டால், இந்தக் குடும்பத்தின் புத்தக அலுமாரியையே காட்டலாம்.

சைவத்தின் எழுச்சிக்கு வழிகாட்டியவர் ஆறுமுக நாவலர். பீற்றர் பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்தவர், மிசன் கையாண்ட பிரசங்கம், அச்சுயந்திரம், பள்ளிக்கூடம் மூன்றையும் சைவத்துக்காகக் கைக்கொண்டார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அவர் 1879இல் மறைந்த பின், 1888இல் சைவபரிபாலன சபை அமைந்தது. அரசாங்கம் 1870 அளவில் நன்கொடைப் பாடசாலை முறையைக் கொண்டுவந்து, எந்தச் சமயத்தார் நடத்தினாலும் பொதுப் பாடங்களின் பெறுபேற்றைப் பார்த்துப் பணம் கொடுக்க முன்வந்தது. எழுத்தில் அது சமநீதி. நடைமுறையில், இருக்கும் பாடசாலைக்குக் கிட்டப் புதிய பாடசாலைக்கு உதவி இல்லை என்ற தூரவிதி, முன்பே ஊரெங்கும் பாடசாலை அமைத்திருந்த மிசன்களுக்குச் சாதகமாயிற்று. தெல்லிப்பழை போன்ற மிசன் ஊரில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்குவது எளிதான காரியமாக இருக்கவில்லை.

அந்தத் தடையைத் தாண்டியவர் பாவலர் தெ. அ. துரையப்பாபிள்ளை. 1872இல் பிறந்து, மிசன் கல்வி பெற்று, கிறிஸ்தவராகி, இந்தியாவிலும் ஆசிரியராக இருந்தவர். சைவத்துக்கு மீண்ட அவர் 1910 ஒக்ரோபர் 14இல் மகாஜன ஆங்கில உயர்நிலைப் பாடசாலையைத் தொடங்கினார். பாடசாலைக்குச் சமயப் பெயரையோ தெய்வப் பெயரையோ வைக்காமல் பொதுமக்களின் பெயரை வைத்தது கவனிக்கத்தக்கது. அவருடைய பாட்டுகளிலும் ‘சகலகுண சம்பன்னன்’ நாடகத்திலும் தோத்திரத்தைவிடச் சீதனக் கொடுமை, குடி, வீண்வழக்கு போன்ற ஊர்க்குறைகளைக் கண்டிக்கும் சீர்திருத்த நோக்கமே முன்னிற்கிறது. அவர் 1929இல் மறைந்தார். அவருடைய மகன் தெ. து. ஜயரத்தினம் அதிபராக இருந்த காலத்தில் மகாஜனா குடாநாட்டின் முதன்மையான பாடசாலைகளுள் ஒன்றானது. யூனியனும் மகாஜனாவும் போட்டிபோட்டு வளர்ந்தன. கிறிஸ்தவப் பள்ளியில் சைவப் பிள்ளைகளும் சைவப் பள்ளியில் கிறிஸ்தவப் பிள்ளைகளும் படித்தார்கள். பெற்றோர் பார்த்தது சோதனைப் பெறுபேற்றை.

கலியாணமும் இதே காலத்தில் வேறு கைக்கு மாறியது. பிறப்பு, இறப்பு, விவாகப் பதிவுகளை 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து அரசாங்கப் பதிவுகாரர்கள் ஏற்றார்கள். 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுச் சட்டம் சைவருக்கும் கிறிஸ்தவருக்கும் பொதுவானது. யாழ்ப்பாணத்துக் கலியாணங்களில் இன்று முதலில் நடப்பது பெரும்பாலும் எழுத்து. பதிவுகாரர் பெண் வீட்டுக்கு வந்து, சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். தாலிகட்டு நாள் பின்னொரு முகூர்த்தத்தில் வரும். சைவக் குருக்கள் நடத்தினாலும் கிறிஸ்தவப் போதகர் நடத்தினாலும் சட்டத்தின் முன் சிறந்த சான்றாக நிற்பது பதிவே. ஒல்லாந்தர் காலத்தில் தேவாலயத் தோம்பு செய்த வேலையை இப்போது செபம் ஒப்புவிக்கச் சொல்லாத ஒரு உத்தியோகத்தர் செய்கிறார். ஆனால் பிறப்புப் பதிவேட்டில் பெற்றோரின் இனம் எழுதப்படுகிறது. சமயம் விட்ட இடத்தை இனம் பிடித்துக்கொண்டது. இலங்கையின் 20ஆம் நூற்றாண்டு அரசியலைப் புரிந்துகொள்ள இந்த மாற்றமும் தெரிந்திருக்க வேண்டும்.

சமய எல்லையைத் தாண்டிய ஓர் அரசியல் அமைப்பு 1920களில் உருவான யாழ்ப்பாண மாணவர் காங்கிரஸ். பின்னர் அது இளைஞர் காங்கிரஸ் எனப்பட்டது. ஹன்டி பேரின்பநாயகமும் அவருடைய தோழர்களான ஆசிரியர்களும் அதன் உயிர்நாடி. அதன் தொடக்க மாநாடு தெல்லிப்பழைக்கு வடக்கே கீரிமலையில் கூடியது; சைவரும் கிறிஸ்தவரும் சாதி பாராமல் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டது அதன் கொள்கையில் சேர்ந்த செயல். 1927இல் காந்தி யாழ்ப்பாணம் வந்தது இவர்களின் அழைப்பில். யூனியன் கல்லூரியின் நீண்டகால அதிபர் ஐ. பி. துரைரத்தினம் இந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர்.

ஆனால் சமய எல்லையைக் கடந்த சமூகம் சாதி எல்லையைக் கடக்கவில்லை. இந்த வரலாற்றில் மிகவும் வேதனைக்குரிய பகுதி இதுதான். 1929–30 அளவில் உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்க அரசாங்கம் கட்டளையிட்டபோது எதிர்ப்பு மனுக்கள் பறந்தன. குடாநாட்டில் சில பாடசாலைகளுக்குத் தீ வைக்கப்பட்டது. கிறிஸ்தவ சபைகளுக்குள்ளும் ஆசனத்திலும் திருமணத்திலும் சாதி தொடர்ந்தது. சைவமும் கிறிஸ்தவமும் ஒன்றையொன்று கண்டித்து எழுதிய துண்டுப்பிரசுரங்கள் ஏராளம். தம் வளவுக்குள் இருந்த தீண்டாமையைப் பற்றி இரு தரப்பும் எழுதியது மிகக் குறைவு.

தெல்லிப்பழையின் அரசியலில் சமயம் எவ்வளவு எடை பெற்றது என்பதை அளக்க சா. ஜே. வே. செல்வநாயகத்தின் தேர்தல்கள் உதவும். 1898இல் மலாயாவின் ஈப்போவில் பிறந்து, நான்கு வயதில் தெல்லிப்பழைக்கு வந்து, யூனியன் கல்லூரியில் படித்த அவர் புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர். காங்கேசன்துறைத் தொகுதியின் வாக்காளரில் மிகப் பெரும்பாலோர் சைவர். 1947இல் வென்றார். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். 1952இல் சேர் பொன். இராமநாதனின் மருமகன் சு. நடேசனிடம் தோற்றார், அந்தத் தேர்தலில் அவருடைய சமயம் எதிரணி மேடைகளில் பேசப்பட்டது. மொழிப் பிரச்சினை மூண்ட 1956இல் மீண்டும் வென்றார். அதன் பின் 1977 ஏப்ரல் 26இல் மறையும்வரை தோற்கவில்லை. வேட்டி சால்வையுடன் மேடையேறிய அந்தக் கிறிஸ்தவரைச் சைவ வாக்காளர் தந்தை என்றே அழைத்தார்கள். 1975 பெப்ரவரி இடைத்தேர்தலில் அவரை எதிர்த்தவர் கம்யூனிஸ்டு வேட்பாளர் வி. பொன்னம்பலம். கிறிஸ்தவர் ஒருவரும் கம்யூனிஸ்டு ஒருவரும் மோதிய அந்தச் சைவத் தொகுதியில் பேசப்பட்டது 1972 அரசியலமைப்பும் தமிழர் உரிமையும்.

சாதிக்கு எதிரான சட்டமும் போராட்டமும் கோயில் வாசலில் சந்தித்தது 1968இல். நல்லூர் உள்ளிட்ட சில பெருங்கோயில்கள் 1956 முதல் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் திறக்கப்பட்டிருந்தன. மாவிட்டபுரம் திறக்கப்படவில்லை. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் 1957ஆம் ஆண்டுச் சட்டம், சாதி காரணமாக ஒருவரைப் பொது வழிபாட்டிடத்துக்குள் நுழையவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியிருந்தது. தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் ஆதரவுடன் ஒடுக்கப்பட்ட மக்கள் திருவிழாக் காலத்தில் மாவிட்டபுரத்து வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். எதிரே நின்றவர்களுக்குத் தலைமை தாங்கியவர் கணிதப் பேராசிரியராகவும் நாட்டின் அமைச்சராகவும் இருந்த சி. சுந்தரலிங்கம். அவர் மீது வழக்குத் தொடரப்பட்டது; அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1970 தேர்தலில் அவர் காங்கேசன்துறையில் போட்டியிட்டுத் தோற்றார். போராட்டத்தின் முன்னணியில் கடவுள் நம்பிக்கை இல்லாத இடதுசாரிகள் பலர் இருந்தார்கள். அவர்கள் கேட்டதோ நம்பிக்கையுள்ளவன் தன் தெய்வத்தைக் கும்பிடும் உரிமை. சமயச் சார்பற்ற ஒரு சட்டம் சைவனுக்குச் சைவக் கோயிலைத் திறந்துவிட்டது. அதற்கு முன்னரே, கோயிலும் பள்ளிக்கூடமும் மறுக்கப்பட்டதால் குடாநாட்டில் சிலர் பௌத்தத்தைத் தழுவி, பௌத்த சங்கங்களின் உதவியுடன் தம் பிள்ளைகளுக்குப் பாடசாலை அமைத்திருந்தார்கள்.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசாங்கம் உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியும் உடுவில் மகளிர் கல்லூரியும் தனியார் கல்லூரிகளாகத் தொடர்ந்தன. யூனியனும் மகாஜனாவும் அரசாங்கப் பாடசாலைகளாயின. மிசனும் சைவச் சபைகளும் ஒன்றோடொன்று போட்டியிட்டு நடத்திய கல்விச் சாம்ராச்சியம் இரண்டே ஆண்டில் முடிவுக்கு வந்தது. ஆனால் சமயம் வகுப்பறையை விட்டுப் போகவில்லை. பிரான்சில் அரசாங்கப் பள்ளிக்கூடம் சமயபாடத்தை வெளியே நிறுத்தியது. இலங்கையில் அரசாங்கப் பாடசாலை எல்லாச் சமயங்களையும் உள்ளே எடுத்தது. பிள்ளை தன் பெற்றோரின் சமயத்தைப் பாடமாகப் படிக்க வேண்டும், க.பொ.த. சாதாரண தரத்தில் சமயம் கட்டாய பாடம். மாற்றுச் சமயத்தைப் பிள்ளைக்குப் புகட்டும் வழி அடைபட்டது. சமயமே வேண்டாம் என்று சொல்லும் வழி திறக்கவில்லை.

இதே காலத்தில் சைவத்தின் உள்ளேயும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்ற தங்கம்மா அப்பாக்குட்டி 1977இல் தெல்லிப்பழைத் துர்க்காதேவி தேவஸ்தானத்தின் தலைமையை ஏற்றார். கோயில் நிருவாகம் பரம்பரை ஆண் முகாமையாளர்களின் கையில் இருந்த யாழ்ப்பாணத்தில் ஒரு பெண், அதுவும் திருமணமாகாத ஆசிரியை, தலைவரானது புதுமை. கோபுரமும் தேரும் எழுந்ததுடன் ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்குத் துர்க்காபுரம் மகளிர் இல்லமும் தொடங்கப்பட்டது. அர்ச்சனைச் சீட்டுக் காசு பிள்ளைகளின் சோற்றுக்கும் புத்தகத்துக்கும் போனது. விடுதி, கல்வி, மருத்துவம் என்று மிசன் தெல்லிப்பழையில் தொடங்கிய பணிகளைக் கோயில் தன் பணியாக ஏற்றுக்கொண்டதை இங்கே காணலாம். சிவத்தமிழ்ச்செல்வி என்று போற்றப்பட்ட அவர் 2008இல் காலமானார்.

1990 ஜூனில் உள்நாட்டுப் போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். பலாலி, காங்கேசன்துறைப் பகுதி உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. கோயில்களும் தேவாலயங்களும் பூசையும் ஆராதனையும் இன்றிப் பற்றைக்காட்டுக்குள் கிடந்தன. மயிலிட்டிக் கத்தோலிக்க மீனவரும் சைவக் கமக்காரரும் மல்லாகம் கோணற்புலம் போன்ற முகாம்களில் தகரக் கொட்டில்களில் ஒன்றாக வாழ்ந்தார்கள். காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டு மக்கள் திரும்பியபோது, வீட்டுக்கு முன்பே கோயிலைத் திருத்திய குடும்பங்கள் உண்டு. தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை 2011இல் நடந்த நடைபயணத்தில் திரட்டிய நிதியால் தெல்லிப்பழை வைத்தியசாலையில் புற்றுநோய்ப் பிரிவு அமைந்தது. கொடுத்தவர்களில் எல்லாச் சமயத்தாரும் இருந்தார்கள்.

போருக்குப் பின் சமயப் பூசலும் புதிதாகத் தலைகாட்டியது. பெந்தகொஸ்தே வகைச் சபைகள் முகாம்களிலும் மீள்குடியேறிய ஊர்களிலும் பரவின. அவற்றை எதிர்த்து 2016இல் சிவசேனை என்ற அமைப்பு வட மாகாணத்தில் தோன்றியது. தெல்லிப்பழைப் பிரதேச செயலகப் பிரிவில் உள்ள தையிட்டியில், தங்கள் தனியார் காணியில் படையினரின் துணையுடன் திஸ்ஸ விகாரை கட்டப்பட்டது என்று கூறி உரிமையாளர்கள் 2023 முதல் போராடி வருகிறார்கள். 1972 அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கியது; 1978 அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரையும் அதையே வழங்குகிறது. காணியையும் கலியாணத்தையும் சமயத்திலிருந்து பிரித்துக்கொண்ட ஓர் ஊரில் அரசு சமயத்தைச் சுமந்துகொண்டு வந்து நிற்பது பெரும் பின்னடைவு; சட்டம் எல்லாச் சமயத்தாரையும் ஒரே தூரத்தில் வைத்தால்தான் இத்தகைய வழக்குகள் வெறும் காணி வழக்குகளாகத் தீரும்.

2012 குடிசன மதிப்பீடு இலங்கை மக்களைப் பௌத்தர் 70.1, இந்துக்கள் 12.6, இஸ்லாமியர் 9.7, கத்தோலிக்கர் 6.2, ஏனைய கிறிஸ்தவர் 1.4 வீதம் என்று வகுத்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் சைவர். சமயம் இல்லாதோருக்கு வெளியிடப்பட்ட அட்டவணையில் தனி நிரல் இல்லை. தெல்லிப்பழையாரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் அந்த நிரல் உண்டு. 2021 கணக்கெடுப்பில் இலண்டனில் 27.1 வீதத்தினரும் ரொறன்ரோ நகரில் 30.6 வீதத்தினரும் சமயம் இல்லை என்று எழுதினார்கள். இலண்டனில் பத்து ஆண்டுகளுக்கு முன் அது 20.7 வீதம், இதே இடைவெளியில் கிறிஸ்தவர் 48.4இலிருந்து 40.7 வீதமாகக் குறைந்தார்கள். ஆயினும் இங்கிலாந்தும் வேல்ஸும் சேர்ந்த மொத்தக் கணக்கில் சமயம் அற்றோர் 37.2 வீதம். பெருநகரம் நாட்டைவிடச் சமயப் பற்றுடையதாக இருப்பதற்குப் புலம்பெயர்ந்தோரே பெருங்காரணம். அவர்களுள் இலண்டனில் அம்மன் கோயிலும் முருகன் கோயிலும் கட்டித் தேர் இழுக்கும் யாழ்ப்பாணத்தாரும் அடங்குவர். அங்கே பிறந்த தலைமுறை கணக்கெடுப்புப் படிவத்தில் எந்தக் கட்டத்தில் அடையாளம் இட்டாலும் அதனால் முதுசமோ வேலையோ பள்ளிக்கூட இடமோ கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. துர்க்கை அம்மன் கோயில் திருவிழாவுக்குப் பணம் அங்கிருந்து வருகிறது. யூனியன், மகாஜனா பழைய மாணவர் சங்கங்களும் அதே நகரங்களில் இயங்குகின்றன. அவற்றில் சேர்வதற்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தால் போதும்.